கேமிங் நெட்வொர்க் கார்டுக்குப் பத்தாயிரம் கொடுத்தால் பிங் எவ்வளவு குறையும்?

மூன்று மைக்ரோசெகண்டு. ஒரு மில்லிசெகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்தான். பிங் என்பது நம் கணினியிலிருந்து தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்.

ஷூட்டர் கேம் ஒன்று நம் கணினியிலிருந்து வெளியே அனுப்பும் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், சிறியது. 200 பைட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1,600 பிட். மதர்போர்டோடு வரும் சாதாரண ஒரு கிகாபிட் போர்ட் வழியாக அது வெளியேற 1.6 மைக்ரோசெகண்டு ஆகும். பத்து கிகாபிட் கார்டில் 0.16. போகும்போது ஒன்றரை, வரும்போது ஒன்றரை மிச்சம். மானிட்டரில் தெரியும் பிங் 30 மில்லிசெகண்டு என்றால் அது 30,000 மைக்ரோசெகண்டு. அதில் மூன்று குறைந்தால் எந்தக் கண்ணுக்கும் எந்தக் கைக்கும் தெரியாது. போதாததற்கு, வீட்டு ரவுட்டரின் லேன் போர்ட் ஒரு கிகாபிட்தான் என்றால் அந்த மூன்றும் கிடைக்காது. இரண்டு முனையும் ஒத்துக்கொள்ளும் வேகத்தில்தான் கம்பி ஓடும்.

கடையில் இப்படிச் சொல்ல மாட்டார்கள். காந்திபுரம் ஆனாலும் ஈரோடு ஆனாலும் பேச்சு ஒன்றுதான்: “கேமுக்குன்னே வந்த கார்டுங்க தம்பி, இதைப் போட்டீங்கன்னா லேக்கே இருக்காதுங்க.” சிவப்பு ஹீட்சிங்க், மின்னும் எல்இடி, டிராகன் படம் போட்ட பெட்டி. விலை நாலாயிரத்தில் தொடங்கி பத்தாயிரத்தைத் தாண்டும்.

இந்த வியாபாரத்தின் தொடக்கம் 2006. அமெரிக்காவின் பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் ‘கில்லர் என்ஐசி’ என்ற பிசிஐ கார்டை 280 டாலர் சுற்றி விலை வைத்து விற்றது. அதன் மேலே தனி பவர்பிசி பிராசசர், 64 எம்பி மெமரி, உள்ளே ஓட ஒரு குட்டி லினக்ஸ். விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கைத் தாண்டி, பாக்கெட்டுகளைக் கார்டே கையாளும் என்பது யோசனை. ஒற்றைக் கோர் பிராசசர்கள் இன்னும் புழக்கத்தில் இருந்த காலம் அது. பிராசசரின் சுமையைக் குறைப்பது என்ற வாதத்தில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது. இன்று ஆறு கோர், எட்டு கோர் பிராசசருக்குக் கேம் பாக்கெட்டுகள் ஒரு சுமையே அல்ல.

அதன் பிறகு நடந்ததுதான் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பிக்ஃபுட்டை 2011இல் குவால்காம் அதிராஸ் வாங்கியது. பின்னர் கில்லர் பெயர் ரிவெட் நெட்வொர்க்ஸ் கைக்குப் போனது, 2020இல் இன்டெல் ரிவெட்டை வாங்கியது. இந்தப் பயணத்தில் தனி பிராசசர் காணாமல் போய்விட்டது. கில்லர் ஏஎக்ஸ்1650 என்பது இன்டெல் ஏஎக்ஸ்200 சிப்தான். கில்லர் ஏஎக்ஸ்1675 என்பது ஏஎக்ஸ்210. கம்பி வழியில் கில்லர் இ3000 என்பது ரியல்டெக் ஆர்டிஎல்8125 குடும்பம், இ3100 இன்டெல் ஐ225 குடும்பம். ஒரே சிப், கூடுதலாக ஒரு மென்பொருள். வேறு பல கேமிங் போர்டுகளோடு வரும் ‘கேம்ஃபர்ஸ்ட்’, ‘கேமிங் லேன் மேனேஜர்’ போன்றவையும் சிஃபோஸ்ஸ்பீடு என்ற டிராஃபிக் மென்பொருளுக்குப் போட்ட மேல்சட்டைகளே.

அந்த மென்பொருள் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல முடியாது. நீங்கள் விளையாடும் அதே கணினியில் ஸ்டீம் டவுன்லோடு ஓடினால், கேம் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுக்கும். டவுன்லோடை நிறுத்தி வைத்தாலும் அதே பலன்தான், காசு செலவில்லை. ஆனால் வீட்டில் லேக் வருவது பெரும்பாலும் அந்தக் கணினியால் அல்ல. அம்மாவின் போன் கல்யாண ஃபோட்டோக்களை கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், டிவியில் படம் ஓடும், வாசலில் இருக்கும் கேமரா கிளவுடுக்கு வீடியோ அனுப்பும். உங்கள் கார்டுக்கு இவை எதுவும் தெரியாது. எல்லாம் ஒன்றுசேரும் இடம் ரவுட்டர். வீட்டு கேட்டை அகலமாக்கினால் அவிநாசி ரோட்டில் நெரிசல் குறையாது.

பிங் எங்கே போகிறது?

தூரத்துக்குத்தான் முதல் பங்கு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். ஆக ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் போக வர ஒரு மில்லிசெகண்டு. கோவையிலிருந்து சென்னைக்குச் சாலைக் கணக்கில் ஏறக்குறைய 500 கி.மீ., எனவே ஐந்துக்குக் கீழே போகாது. வேலோரன்ட் என்ற ஷூட்டர் கேமின் சர்வர் மும்பையில். இணைய நிறுவனம் நேராகப் போகாமல் சென்னை சுற்றி மும்பை அனுப்பினால் கேபிள் நீளம் 1,800 கி.மீ.யைத் தொடும், பிங்கில் 18 அதற்கே போய்விடும். சிஎஸ்2 (கவுண்டர்-ஸ்ட்ரைக் 2) கேமுக்கு அதன் நிறுவனமான வால்வ் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் வைத்திருக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி, சென்னை கிடைக்கும்போது சென்னையே. சிங்கப்பூர் சர்வர் என்றால், சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கேபிள் மட்டுமே 3,200 கி.மீ., 32 மில்லிசெகண்டு. இந்த எண்களை எந்தக் கார்டாலும் அசைக்க முடியாது. வழி மாறுவது இணைய நிறுவனத்தின் கையில். பக்கத்து வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தால் அங்கே ஒருமுறை பிங் பார்த்துவிட்டு மாறலாம்.

இரண்டாவது பங்கு, ஏறி இறங்கிக் கழுத்தறுக்கும் பங்கு, அப்லோடு வரிசை. உங்கள் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். போன் ஒன்று வீடியோ ஏற்ற ஆரம்பித்ததும் ரவுட்டர் தன் பஃபரில், அதாவது தற்காலிக மெமரியில், ஒரு எம்பி வரைக்கும் அடுக்கி வைக்கிறது. ஒரு எம்பி என்றால் எட்டு மெகாபிட், 20 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாக 400 மில்லிசெகண்டு. உங்கள் 200 பைட் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். 30 இருந்த பிங் 430 ஆகும், வீடியோ ஏறி முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். “சாயங்காலமானா லேக் ஆகுது” என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பகுதி இதுதான்.

கார்டு வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு கமாண்ட் பிராம்ட் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, தொடர்ந்து பிங் விடுங்கள். இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. பிறகு ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை டிரைவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். கம்பியில் இணைத்த கணினியில் முதல் ஜன்னல் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் கார்டின் மேல் குற்றமில்லை, புதுக் கார்டு வாங்குவது தண்டம். இரண்டாவது ஜன்னல் மட்டும் எகிறினால் மேலே சொன்ன வரிசை. போன் ஏற்றாதபோதும் இரண்டாவது ஜன்னலில் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ விழுந்தால் ஃபைபரையோ நிறுவனத்தின் வழியையோ பார்க்க வேண்டும். முதல் ஜன்னலே 5, 40, 3, 120 என்று தாண்டினால், நீங்கள் வைஃபையில் இருக்கிறீர்கள் அல்லது கம்பி கெட்டிருக்கிறது. கார்டைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

வரிசைக்கு மருந்து ரவுட்டரில்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்ற முடிந்த ரவுட்டரில், வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் போட்டு ‘கேக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டர்களில் ரவுட்டர்ஓஎஸ் 7ஆம் பதிப்பிலிருந்து அதே ‘கேக்’ உண்டு. நம் ஊர்க் கேபிள் ஆபரேட்டர்கள் பலருக்கு மைக்ரோடிக் அத்துப்படி, கேட்டால் வந்து செய்துதருவார்கள். அமைப்பில் முக்கியமான எண் ஒன்றுதான்: வேகச் சோதனையில் உண்மையாகக் கிடைத்த வேகத்தின் 90 சதவீதம். 100க்குப் பணம் கட்டி 94 கிடைக்கிறது என்றால் 85 என்று வையுங்கள். 100 என்று வைத்தால் வரிசை மறுபடியும் நிறுவனத்தின் பெட்டியில் சேரும், கேக் போட்டும் வேலை செய்யவில்லை என்ற புகார்கள் பெரும்பாலும் இப்படி வருபவை. இதற்கு ரவுட்டரின் பிராசசர் உழைக்க வேண்டும். பழைய மலிவு ரவுட்டர் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும்.

நிறுவனம் கொடுத்த ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை உங்கள் ரவுட்டருக்கே விட்டுவிடும்படி, போடச் சொல்லி, லாகினுக்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலேன் எண்ணைக் கேட்க மறந்தால் லைன்மேன் போன பிறகு நெட் வராது. அந்தப் பெட்டியின் பின்பக்கத்தையும் பாருங்கள். மலிவு ஓஎன்டிகள் பலவற்றில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். 300 பிளானுக்குக் காசு கட்டி, 100 போர்ட்டில் செருகி, கணினியில் 2.5 கிகாபிட் கார்டு போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் வரும், ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம் அது. −15 முதல் −25 டிபிஎம் வரை இருந்தால் கவலையில்லை. −27ஐ ஒட்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். கனெக்டரில் அழுக்கு, ஜன்னல் இடுக்கில் மடங்கிய இழை, மோசமான ஸ்பிளைஸ் (இழை ஒட்டு), தென்னை மரத்திலிருந்து தொங்கும் வயரை அணில் கடித்தது என்று காரணம் பல. பொள்ளாச்சி, கோபி பக்கம் தோப்புக்குள் இருக்கும் வீடுகளில் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். லைன்மேனிடம் “நெட் ஸ்லோ” என்று சொல்வதைவிட “ஆர்எக்ஸ் −28 காட்டுதுங்க” என்று சொல்லுங்கள், வருகிறபோதே பவர் மீட்டரோடு வருவார்.

கம்பி

கார்டைவிட மலிவு, கார்டைவிட அதிகம் கெடுவது. விண்டோஸில் நெட்வொர்க் ஸ்டேட்டஸைத் திறந்து லிங்க் வேகம் பாருங்கள். கிகாபிட் போர்ட் இரண்டு பக்கமும் இருந்து 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே.

வாங்கும்போது கேட்5இ போதும், கேட்6 இருந்தால் நல்லது. 2.5 கிகாபிட்டையே கேட்5இ 100 மீட்டருக்குத் தாங்கும். ‘கேட்8’ என்று தங்க முலாம் கிளிப்போடு விற்பது கேமருக்கு வீண். பார்க்க வேண்டியது ஒன்றுதான், முழுத் தாமிரமா என்பது. சிசிஏ என்று அச்சிட்டிருந்தால் அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு, நாலு தடவை மடித்தால் உள்ளுக்குள்ளேயே முறியும். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரிந்துவிடும்.

தோட்டத்துச் சாளையிலிருந்து குடோனுக்கோ, மாடி அறைக்கு வெளிச்சுவர் வழியாகவோ தாமிரக் கம்பி இழுப்பது தனிப் பிரச்சினை. சித்திரையில் கோடை மழை இடியோடு வரும்போது, அந்தக் கம்பி வழியாக லேன் போர்ட் எரிவது நம் பக்கம் சகஜம். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறுவேறாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். 100 மீட்டரைத் தாண்டினாலும், வெளியே போனாலும் ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை லேன் கம்பியோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் தெருக்களில் வேறொரு தொல்லை. கரண்ட் ஒரு நொடி தடுக்கினாலே ரவுட்டர் அணைந்து எழும், மீண்டும் லாகின் ஆகி வர இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் ராங்க்டு மேட்ச் போச்சு. ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கேமருக்காக விற்கப்படும் எந்தக் கார்டைவிடவும் இது அதிக மேட்ச்சைக் காப்பாற்றும்.

அப்படியானால் கார்டே வேண்டாமா?

வேண்டியவர்கள் உண்டு. லேன் போர்ட் எரிந்துபோன போர்டுக்கு ரியல்டெக் சிப் உள்ள சாதாரண கிகாபிட் பிசிஐஇ கார்டு, ஆயிரம் ரூபாய்க்குள். பத்தாயிரம் ரூபாய்க் கார்டும் இதுவும் கேமில் ஒன்றே. வெளியிலிருந்து தாமிரக் கம்பி வரும் வீடுகளில், போர்டின் போர்ட் நன்றாக இருந்தாலும் இந்தக் கார்டைப் பலி கொடுக்க வைத்துக்கொள்ளலாம். இடி எப்போதும் கார்டோடு நிற்கும் என்றில்லை, ஆனால் பெரும்பாலும் செலவு குறையும்.

2.5 கிகாபிட் கார்டு, இரண்டாயிரம் சுற்றி. ஒரு கிகாபிட்டைத் தாண்டிய பிளான் இருந்தால், அல்லது வீட்டில் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருந்தால் மட்டும். 300 எம்பிபிஎஸ் பிளானில் 100 ஜிபி கேம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். கார்டை மாற்றினாலும் அதே முக்கால் மணிதான். ஆர்டிஎல்8125 சிப் இருப்பதை வாங்குங்கள். இன்டெல் என்றாலே உசத்தி என்று இங்கே நம்ப வேண்டாம். இன்டெல் ஐ225-வியின் முதல் வார்ப்புகளில் (சிப்பின் பதிப்புகளில்) பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் குறை இருந்து, பி3 வார்ப்பில்தான் சரிசெய்யப்பட்டது. பின்னால் வந்த ஐ226-வியிலும் இணைப்பு திடீரென அறுந்து மீளும் புகார்கள் வந்தன. உங்கள் போர்டில் அது இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’டை அணையுங்கள். கார்டு வாங்காமலே தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

அதே பக்கத்தில் ‘இன்டரப்ட் மாடரேஷன்’ இருக்கும். அணைத்தால் சில பத்து மைக்ரோசெகண்டு குறையும், பிராசசர் வேலை சற்றுக் கூடும். செய்தாலும் குற்றமில்லை. சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் முறையை ரெஜிஸ்ட்ரியில் அணைக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். அது டிசிபி என்ற அனுப்பும் முறைக்கு மட்டும், ஷூட்டர் கேம்கள் ஓடுவது யுடிபி என்ற வேறு முறையில்.

பத்து கிகாபிட் கார்டு, ஏசுஸ் எக்ஸ்ஜி-சி100சி போன்றவை, ஒன்பதாயிரம் பத்தாயிரம். அருமையான கார்டுதான், ஆனால் கேமருக்கு அல்ல. திருப்பூரிலும் ஈரோட்டிலும் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்கள், 4கே ஃபுட்டேஜை நாஸில் வைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெட்டினால் காசு ஒரு மாதத்தில் தேறும். ஸ்விட்சும் பத்து கிகாபிட்டாக வேண்டும், அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கார்டு நன்றாகச் சூடேறும், காற்றோட்டம் இல்லாத கேபினட்டில் வைக்காதீர்கள்.

வைஃபை கார்டில்தான் பணத்துக்குப் பலன் கண்ணில் தெரியும். கம்பி இழுக்கவே முடியாத வாடகை வீடு, சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ பத்து ரவுட்டர் தெரியும் அபார்ட்மென்ட் என்றால், முந்நூறு ரூபாய் யூஎஸ்பி டாங்கிளிலிருந்து நல்ல பிசிஐஇ வைஃபை 6 கார்டுக்கு மாறுவது ஜிட்டரை, அதாவது பிங்கின் ஏற்ற இறக்கத்தை, நன்றாக அடக்கும். காரணம் கேமிங் மென்பொருள் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5க்கு வருவது, இரண்டு ஆண்டெனா, யூஎஸ்பி 3.0 போர்ட்டின் இரைச்சலிலிருந்து தப்பிப்பது, இவைதான். ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டு இரண்டாயிரம் முதல் மூவாயிரத்துக்குள் கிடைக்கும். அதே சிப்புக்குக் கில்லர் பெயரில் மேலே ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆண்டெனாவை கேபினட்டின் பின்னால் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே விடாமல், வயர் நீட்டிய ஸ்டாண்ட் ஆண்டெனா வரும் மாடலை எடுத்து மேசை மேல் வையுங்கள்.

வைஃபை கார்டில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் இன்டெல் போர்டுகளின் சிஎன்விஐ ஸ்லாட்டுக்கு மட்டுமே. மலிவாக இருக்கிறதே என்று வாங்கி ஏஎம்டி போர்டில் செருகினால் விண்டோஸுக்குக் கண்ணிலேயே படாது. வைஃபை 7க்கான இன்டெல் பிஇ200உம் ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் தகராறு. இரண்டாவது, புளூடூத். கார்டோடு வரும் சிறு வயரை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் செருகாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது. கார்டு டிஃபெக்ட் என்று திருப்பித் தரப்படுபவற்றில் இந்த வயரைச் செருகாதவை கணிசம். மூன்றாவது, நம் ஊரில் நிறைய விற்கும் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கணினிகள். ஒல்லியான கேபினட்டாக இருந்தால் கார்டின் முனையில் இருக்கும் உயரமான உலோகத் தகடு உள்ளே நுழையாது. பெட்டிக்குள் குட்டைத் தகடும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள், தகடு மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.